பகலில் மேலே... இரவில் கீழே! நடமாடும் வீட்டின் ஏறி இறங்கும் கட்டில்

1931-ம் ஆண்டு. தெற்கு ஜெர்மனியில் இஸ்னி என்ற சின்ன ஊர். அங்கே சாட்டை தயாரிக்கும் குடும்பத் தொழிலில் இருந்தவர் ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ். வியாபாரத்துக்காக அடிக்கடி வெளியூர் போக வேண்டிய வேலை. அவர் மணக்கவிருந்த ஃப்ரிடெல் ஓர் ஓவியர். பிரிந்திருக்காமல் இருவரும் சேர்ந்தே பயணம் போக வேண்டும், போகிற இடத்தில் உட்கார்ந்து வரையவும் வசதி வேண்டும் என்பது ஃப்ரிடெலின் ஆசை. அந்த ஆசைக்காக ஆரிஸ்ட் தன் கையாலேயே ஒரு வண்டிவீட்டைக் கட்டி, காருக்குப் பின்னால் இணைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வோன்ஆட்டோ', அதாவது குடியிருக்கும் கார். ஜெர்மனியின் முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அதே முப்பதுகளில் அமெரிக்காவிலும் மக்கள் வீட்டுக் கொட்டகைகளில் டிரெய்லர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர்த் துளியைப் படுக்கவைத்தது போன்ற உருவம். உள்ளே இருவர் படுக்க மட்டும் இடம். பின்பக்கக் கதவைத் தூக்கினால் சமையலறை. இந்த 'டியர்டிராப்' டிரெய்லரைக் கட்டும் வரைபடத்தை 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை 1947-ல் வெளியிட்டது. அதைப் பார்த்துக் கட்டியவர்கள் ஏராளம்.

அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நிற்கவில்லை. சரக்கு ஏற்றும் மூடிய டிரெய்லரை வாங்கி, ஜன்னல் வெட்டி, பலகை அடித்து, தங்களுக்கான நடமாடும் வீடாக மாற்றிக்கொள்ளும் குடும்பங்கள் அமெரிக்காவில் நிறைய. எல்லோரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்றுதான்... கட்டிலை எங்கே போடுவது?

கட்டில் தின்னும் இடம்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6 அடி அகலம், 12 அடி நீளமுள்ள டிரெய்லர். மொத்தத் தரை 72 சதுர அடி. இருவர் படுக்கும் சாதாரண அமெரிக்கக் கட்டில் நாலரை அடிக்கு ஆறேகால் அடி. அதுவே 28 சதுர அடியைத் தின்றுவிடும். வீட்டில் ஏறக்குறைய 40 சதவிகிதம், பகல் முழுக்க யாரும் படுக்காத ஒரு பொருளுக்குப் போய்விடுகிறது!

உட்காரும் பெஞ்சையும் மேஜையையும் இரவில் சேர்த்துக் கட்டிலாக்குவது ஒரு வழி. ஆனால் தினமும் மெத்தைத் துண்டுகளை அடுக்க வேண்டும், காலையில் போர்வைகளைச் சுருட்ட வேண்டும். மழை நாளில் ஒருவர் தூங்க, இன்னொருவர் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. சுவரோடு மடித்து நிமிர்த்தும் கட்டில் இன்னொரு வழி. அதில் மொத்த பாரமும் ஒரே பக்கச் சுவரில் போய் விழும். ஓடும் வண்டிக்கு அது நல்லதில்லை.

மூன்றாவது வழிதான் ஏறி இறங்கும் கட்டில். விரித்த மெத்தை விரித்தபடியே கட்டில் கூரையை ஒட்டி மேலே போய்விடும். கீழே பெஞ்ச், மேஜை, சைக்கிள், பைக் எதுவும் இருக்கலாம். இரவில் கைப்பிடியைச் சுற்றினால் இறங்கி வரும். ஐரோப்பாவில் தயாராகும் பல மோட்டார் ஹோம்களில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இப்படி ஒரு கட்டில் இருக்கிறது. பைக்குகளையும் ஏற்றிச்செல்லும் அமெரிக்க டிரெய்லர்களிலும் உண்டு. அதைப் பார்த்துத்தான் வீட்டில் கட்டுபவர்களுக்கும் ஆசை வருகிறது.

ஆசைப்படும் முன் உயரத்தை அளக்க வேண்டும். இந்த வகை டிரெய்லரின் உள் உயரம் சுமார் ஆறேகால் அடி, அதாவது 75 அங்குலம். மெத்தை 4 அங்குலம், பலகையும் சட்டமும் 3 அங்குலம், தலையணை, போர்வை நசுங்காமல் இருக்க 3 அங்குலம். ஆக, கட்டில் மேலே இருக்கும்போது அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 65 அங்குலத்தில் நிற்கும். அதன் கீழே தாராளமாக உட்காரலாம். உயரமானவர்கள் நிமிர்ந்து நிற்க முடியாது. எனவே அடுப்பையும் பாத்திரம் கழுவும் இடத்தையும் டிரெய்லரின் மறுமுனைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

நாற்பது கிலோ நம் தலைக்கு மேல்

கட்டில் எவ்வளவு கனம் இருக்கும்? 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை மட்டும் சுமார் 19 கிலோ. ஃபோம் மெத்தை 8 கிலோ. அலுமினியச் சட்டம், போர்வை, தலையணை எல்லாம் சேர்த்தால் 40 கிலோவை நெருங்கும். அரிசி மூட்டை ஒன்றரையைக் கூரையில் தொங்கவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து குழந்தை படம் வரைகிறது என்று நினைத்துப் பாருங்கள். இந்தக் கட்டிலின் உண்மையான சவால் அதுதான். தூக்குவது யாருக்கும் முடியும். தூக்கியது விழாமல் நிற்க வேண்டும். அது சாலைக் குலுக்கலிலும், பத்தாவது வருடத்திலும் நிற்க வேண்டும்.

அனுபவசாலிகள் பின்பற்றும் விதி மிக எளிமையானது. கயிறு தூக்க மட்டும், தாங்குவதற்குத் தாழ்ப்பாள்.

அதாவது, கட்டில் மேலே போய்ச் சேர்ந்ததும் நான்கு மூலைகளிலும் கனமான இரும்புப் பின், தூணிலிருந்து கட்டில் சட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். கீழே இறங்கியதும் தூண்களில் பொருத்திய தாங்கு கட்டைகள் மேல் கட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் கயிற்றுக்கு வேலை ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அது ஓய்வெடுக்கும். கயிறு அறுந்தாலும் கட்டில் அசையாது.

இரவு பாரம் இன்னும் அதிகம். இரண்டு பெரியவர்கள் படுத்தால் கட்டிலோடு சேர்த்து 190 கிலோவைத் தொடும். நடுவே குழந்தையும் ஏறிக் குதித்தால் கேட்கவே வேண்டாம். அத்தனையையும் சுமக்க வேண்டியவை தாங்கு கட்டைகளே. இதைக் கயிற்றின் தலையில் கட்டக் கூடாது.

பின்னில் இன்னொரு நல்ல குணம் இருக்கிறது. பாரம் அதன்மேல் இருக்கும்போது எளிதில் வெளியே வராது. கட்டிலைக் கயிற்றால் அரை அங்குலம் உயர்த்தி, பாரத்தை எடுத்த பிறகுதான் உருவ முடியும். விளையாட்டாகக் குழந்தை இழுத்தால் எளிதில் வராது என்பது பெற்றோருக்கு ஓரளவு நிம்மதி. பின்னின் முனைக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, முழுவதும் உள்ளே போனால் சிவப்பு மறையும்படி வைத்துவிட்டால், நான்கு மூலையும் பூட்டியிருக்கிறதா என்று வாசலில் நின்றே தெரிந்துகொள்ளலாம்.

நான்கு மூலையும் ஒன்றாக ஏறணும்

நம்மூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனியில் துணி காயப்போடும் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இழுத்தால் கப்பி வழியாகக் கம்பி மேலே போகும். இருபக்கக் கயிறும் சமமாக வராவிட்டால் கம்பி சாய்ந்து, ஈரத் துணி எல்லாம் ஒரு மூலைக்குச் சரியும். கட்டிலிலும் அதே சிக்கல்தான். துணிக்கம்பிக்கு இரண்டு முனை. கட்டிலுக்கு நான்கு மூலை. ஒரு மூலை பின்தங்கினால், பழைய மேஜை டிராயர் கோணலாக மாட்டிக்கொள்வது போலக் கட்டில் தூண்களுக்கு நடுவே இறுகிவிடும்.

இதற்குப் பலரும் கையாளும் தீர்வு, ஒரே உருளை. நான்கு மூலையிலிருந்தும் நான்கு இரும்புக் கயிறுகள் மேலே போய், தூண் உச்சியில் உள்ள கப்பிகளைத் தாண்டி, ஒரே குழாயில் வந்து சுற்றும். குழாய் ஒரு சுற்று சுற்றினால் நான்கு கயிறும் ஒரே அளவு ஏறும். 2 அங்குல விட்டமுள்ள குழாய் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறேகால் அங்குலம். கட்டில் ஏற வேண்டிய உயரம் 43 அங்குலம் என்றால் ஏழு சுற்று. ஒவ்வொரு கயிற்றுக்கும் குழாயில் தனி இடம் ஒதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் சுற்றும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுற்றினால் அந்தக் கயிறு மட்டும் அதிகம் இழுக்கும், கட்டில் சாயும்.

அடுத்த வழி, திருகுத் தண்டு. நான்கு மூலையிலும் மரை வெட்டிய நீளமான தண்டுகள். நான்கையும் ஒரே செயின் சுற்றும். டயர் மாற்றும்போது காரைத் தூக்கும் திருகு ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கையை எடுத்தாலும் கார் கீழே வராது. திருகுத் தண்டும் அப்படித்தான், விட்ட இடத்தில் நிற்கும். ஆனால் மெதுவாக ஏறும். கனமும் செலவும் கூடும்.

கைப்பிடி போட்டுச் சுற்றும் வின்ச்சிலும் இரண்டு ஜாதி உண்டு. படகை டிரெய்லரில் இழுத்து ஏற்றும் சாதாரண ராட்செட் வின்ச்சில், பல்லை விடுவித்துவிட்டுக் கை நழுவினால் கைப்பிடி பம்பரமாகச் சுற்றும். மணிக்கட்டை உடைக்க அது போதும். வார்ம் கியர் வைத்த வின்ச் பொதுவாக அப்படிச் செய்யாது. கையை எடுத்தால் நின்றுவிடும். தூக்கும் வேலைக்கு வார்ம் கியர் வின்ச், அல்லது தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள வின்ச்தான் சரி. சில டாலர் மிச்சம் பிடிக்க இந்த இடத்தில் ஆசைப்படக் கூடாது.

மோட்டார் வைப்பவர்களும் உண்டு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மோட்டார், ஒரு பொத்தான், வேலை முடிந்தது. அதற்கு மூன்று நிபந்தனைகள். முதலாவது, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். விரலை எடுத்ததும் நிற்க வேண்டும். கீழே பூனைக்குட்டி புகுந்தாலும், குழந்தை கை நீட்டினாலும் அந்த நொடியில் நிறுத்த வேறு வழி இல்லை. இரண்டாவது, மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் வேண்டும். இல்லாவிட்டால் கட்டில் தரையில் உட்கார்ந்த பிறகும் மோட்டார் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்து, எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்துவிடும். மூன்றாவது, பேட்டரி தீர்ந்த இரவில் கையால் இறக்க ஒரு வழி இருக்க வேண்டும்.

கயிறு அறுவது முனையில்தான்

3 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல இரும்புக் கயிறு அறுவதற்குச் சுமார் 500 கிலோ இழுப்பு வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது தூக்கும் வேலையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 40 கிலோ கட்டிலுக்கு நான்கு கயிறு. கணக்குப்படி ஆளுக்கு 10 கிலோதான். பிறகு என்ன பயம்?

கயிறு பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. முடிச்சு, கிளிப், கப்பி, இந்த மூன்று இடங்களில்தான் கதை முடிகிறது. இரும்புக் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினால் அதன் பலம் பாதியாகக் குறைந்துவிடும். முனையை மடித்து, யூ வடிவக் கிளிப் போட்டு இறுக்குவது வழக்கம். அதில் யூ வளைவு எந்தப் பக்கம் வருகிறது என்பது முக்கியம். பாரம் சுமக்கும் நீளமான கயிற்றின் மேல் கிளிப்பின் அகன்ற அடிக்கட்டை உட்கார வேண்டும். மடித்து விட்ட குட்டை முனையின் மேல்தான் யூ வளைவு அழுந்த வேண்டும். மாற்றிப் போட்டால், சுமக்கும் கயிற்றையே யூ நசுக்கிவிடும்.

கப்பியில் கஞ்சத்தனம் செய்பவர்களும் உண்டு. துணிக்கம்பிக்கு வைக்கும் ஒரு அங்குலக் கப்பி இரும்புக் கயிறை மிகவும் வளைக்கும். தினமும் வளைந்து நிமிர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக முறியும். கம்பி இழை வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால், கயிறை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். 3 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 2 அங்குலத்துக்குக் குறையாத கப்பி நல்லது.

நைலான் கயிறு? மலிவு, மென்மை; ஆனால் பாரத்தில் நீளும். இன்று சமமாக இருக்கும் கட்டில் ஒரு மாதம் கழித்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும். நாடா வேண்டும் என்பவர்களுக்கு, நைலானைவிடக் குறைவாக நீளும் பாலியஸ்டர் நாடா மேல்.

பாரம் எங்கே போய்ச் சேர்கிறது?

வீட்டில் கட்டிய டிரெய்லரின் சுவர், மெல்லிய பலகையும் மரச் சட்டமும்தான். கூரை மழையைத் தாங்கக் கட்டியது, மனிதரைத் தாங்க இல்லை. கட்டிலைக் கூரையில் தொங்கவிட்டால் முதலில் கூரை நடுவில் தொய்யும். பிறகு இணைப்பு பிளந்து மழைநீர் உள்ளே வரும். ஆகவே, நான்கு மூலையிலும் தரையிலிருந்து எழும் தூண் வேண்டும். அந்தத் தூணின் கால், அடியில் உள்ள இரும்புச் சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். கப்பி, பின், தாங்கு கட்டை எல்லாம் தூணோடு சேர வேண்டும். இப்படிச் செய்தால் பாரம் நேராகச் சக்கரத்துக்குப் போய்விடும். சுவருக்கும் கூரைக்கும் வேலையே இல்லை.

தூணுக்கும் கட்டிலுக்கும் நடுவே கால் அங்குலம் இடைவெளி விடுவதும் அவசியம். பள்ளம் மேடுகளில் டிரெய்லரின் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும். இழைத்து இழைத்து இறுக்கமாகப் பொருத்திய கட்டில், வீட்டு வாசலில் வழுக்கிக்கொண்டு ஏறும். முகாமில் சமமில்லாத தரையில் நிறுத்தியதும் மாட்டிக்கொள்ளும். டிரெய்லரை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்திய பிறகே கட்டிலைத் தொட வேண்டும்.

ஓடும்போது கட்டில் எங்கே இருக்க வேண்டும்? கீழே பைக் போன்ற சாமான் இருந்தால் மேலேதான் வைக்க முடியும். இல்லாவிட்டால் இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்புவதே நல்லது. பாரம் தாழ்வாக இருந்தால் வளைவில் வண்டி சாயாது. முன்பின் சமநிலையும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் வரை காரின் இணைப்பில் அழுத்த வேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்லப்படும் கணக்கு. பின்பக்கம் கனத்தால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். காரையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால், கட்டிலைப் பின்கோடியில் வைப்பவர்கள், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி போன்ற கனமான சாமான்களை அச்சுக்கு முன்னால் நகர்த்துவார்கள்.

'மெத்தை விரித்துத்தானே இருக்கிறது, குழந்தை படுத்துக்கொண்டே வரட்டும்' என்று நினைக்கவே கூடாது. ஓடும் கேரவன் டிரெய்லருக்குள் ஆட்கள் இருப்பதற்கு பிரிட்டனில் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அனுமதி இல்லை.

விளக்கை அணைத்த பிறகு

கட்டில் இறங்கியதும் டிரெய்லரின் முகமே மாறிவிடும். பகலில் திறந்த கதவு இரவில் கட்டில் விளிம்பில் இடிக்கலாம். நள்ளிரவில் தீ என்றால் எந்த வழியாக வெளியே போவது என்பதைக் கட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கதவு மறையும் என்றால், ஆள் நுழையும் அளவுக்கு உள்ளிருந்து திறக்கும் ஜன்னல் கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டும்.

கூரையை ஒட்டி ஏறி நிற்கும் மெத்தைக்குக் காற்று போகாது. இரவெல்லாம் இருவர் விடும் மூச்சின் ஈரம் மெத்தையில் இறங்கியிருக்கும். காலையில் அப்படியே மேலே ஏற்றினால் சில வாரங்களில் அடியில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள், அல்லது பலகையில் ஆங்காங்கே துளைகள் இதற்குத் தீர்வு. எழுந்ததும் அரை மணி நேரம் போர்வையை விலக்கி, ஜன்னலைத் திறந்துவைத்துப் பிறகு ஏற்றலாம். துளை போட்டால் கட்டிலின் கனமும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவது கூடவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, இவ்வளவு சின்ன அறையில் மிக வேகமாகச் சேரும். பேட்டரியில் ஓடும் சின்ன அலாரம் ஒன்று, மெத்தையைவிட முக்கியமான செலவு.

முதல் இரவுக்கு முன்...

கட்டில் தயார், பெயின்ட்டும் காய்ந்துவிட்டது. உடனே ஏறிப் படுக்க ஆசையாகத்தான் இருக்கும். ஒரு வாரம் பொறுக்கலாம்.

* மேலே ஏற்றி, பின் போட்டு, கயிறுகளைத் தளர்த்திவிட்டு, மணல் மூட்டைகளாக 100 கிலோ ஏற்றி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். கீழே யாரும் போகக் கூடாது. காலையில் பின், தூண், இணைப்பு எதுவும் வளையாமல் இருக்க வேண்டும்.

* கீழே இறக்கி, தாங்கு கட்டைகள் மேல் 300 கிலோ வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். முனகல் சத்தம் வரும் இடத்தைப் பிரித்துத் திரும்பப் பொருத்த வேண்டும்.

* காலிக் கட்டிலை ஐம்பது முறை ஏற்றி இறக்க வேண்டும். கயிறு கப்பியை விட்டு வழுக்குகிறதா, ஒரு மூலை தாமதிக்கிறதா என்பது அப்போது தெரியும்.

* பூட்டிய நிலையில் கரடுமுரடான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும்.

* ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கயிற்றின் முனைகளை டார்ச் அடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். துணியால் கயிறைத் துடைத்தால், முறிந்த இழை துணியில் மாட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் விரலால் தடவ வேண்டாம்.

* ஏற்றி இறக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும். கட்டில் அசையும் நேரத்தில் வீட்டில் உள்ள எல்லோரும் வெளியே நிற்பது என்று ஒரு குடும்ப விதி போட்டுக்கொள்வது நல்லது.

இத்தனையும் முடித்த குடும்பத்துக்கு, 72 சதுர அடி வீட்டில் 28 சதுர அடி பகலில் திரும்பக் கிடைக்கிறது. மழை பெய்யும் மதியத்தில் அம்மா காய் நறுக்க, அப்பா வரைபடத்தை விரித்து அடுத்த ஊருக்கு வழி பார்க்க, பிள்ளைகள் தரையில் சீட்டுக்கட்டை பரப்ப அந்த இடம் போதும். அவர்கள் தலைக்கு மேல் நாற்பது கிலோ நிற்கிறது. நான்கு பின்னும் உள்ளே இருப்பதால், அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.